பழைய மெத்தைக்குள்ள இருக்குறது பருத்தியா இலவம்பஞ்சா? பிரிச்சுத் திருப்பி அடைக்கலாமா?

முடோன் மருமக:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பர்மாவுல மோல்மீன் பக்கம் முடோன்ல இருக்கோம். எங்க வீட்டுக்காரரோட அப்பத்தா பொழங்குன மெத்தை ஒண்ணு, தலகாணி நாலு, ஒரு உருட்டுத் திண்டு எல்லாம் பரண் மேல கெடந்துச்சு, திஞ்ஜான் புதுவருஷத்துக்கு வீடு ஒழிக்கும்போது எறக்குனோம். மெத்தை உறை நீலக் கோடு போட்ட கெட்டித் துணி, ஓரமெல்லாம் நைஞ்சு போச்சு, உள்ள பஞ்சு அங்கங்க கட்டி கட்டியா ஒதுங்கிட்டு நடுவுல வெறும் துணிதான் இருக்கு. தலகாணியைத் தட்டுனா பொடி பறக்குது, சின்னவன் ஒரே தும்மல்.

மாமனார் இது இலவம்பஞ்சுங்குறாரு, சின்ன அத்தை இல்லவே இல்ல பருத்திதான்னு சத்தியம் பண்றாங்க. ஸேல, அதான் சந்தையில, கடைக்காரர்ட்ட கேட்டா இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஸ்பாஞ்ச் மெத்தை வாங்கிக்கோங்கன்னு முடிச்சுட்டாரு. இன்னொருத்தர் தண்ணில அலசி காய வச்சா புதுசாயிடும்னாரு. எனக்கு இதைத் தூக்கிப் போட மனசே இல்ல, அந்தக் காலத்துல கையால தைச்சது, ஒவ்வொரு தையல் முடிச்சுலயும் சின்னதா ஒரு செவப்புத் துணி வச்சு கட்டியிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள்ல மழை புடிச்சுக்கும், அதுக்குள்ள என்ன செய்யலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூடவே ஒண்ணு, மார்கழியில திருப்பாவை சொல்லும்போது எங்க பொண்ணு பஞ்ச சயனம்னா என்னம்மான்னு கேட்டா, அஞ்சு மெத்தையா அஞ்சு பஞ்சான்னு. அதையும் யாராவது சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

தாட்டோன் பஞ்சுக்கடை:

அம்மா, தூக்கிப் போட வேணாம், தண்ணிலயும் அலச வேணாம். எங்கப்பா மெத்தை தைக்கிற கடை வச்சிருந்தாரு, நான் பஞ்சுக்குள்ளயே வளந்தவன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன் பொறுத்துக்குங்க. மொதல்ல உள்ள என்ன பஞ்சுன்னு கண்டுபிடிங்க, ஏன்னா பருத்திக்குப் பண்ற வைத்தியம் இலவம்பஞ்சுக்கு ஆகாது, அதுக்குப் பண்றது இதுக்கு ஆகாது, இதைப் பாக்காம கைய வச்சுத்தான் நெறைய வீட்டுல நல்ல பஞ்சு வீணாப் போகுது.

ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு திரிச்சுப் பாருங்க. பருத்தின்னா திரி மாதிரி முறுக்கு ஏறும், விளக்குத் திரி திரிக்கிறோமே அது பருத்தியிலதான. இலவம்பஞ்சு திரியவே திரியாது, வழுக்கிட்டுப் போயிடும், அதான் அதை நூலா நூக்க முடியாம மெத்தைக்கும் தலகாணிக்கும்னே விட்டுட்டாங்க. வெயில்ல புடிச்சுப் பாத்தா பட்டு மாதிரி ஒரு மினுமினுப்பு, லேசா மஞ்ச ஓடும்.

அடுத்து தண்ணி. ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி பஞ்சைப் போட்டு சும்மா பாத்தா ஏமாந்துடுவீங்க, வேகவைக்காத பருத்தியிலயும் கொஞ்சம் மெழுகு இருக்குறதால அதுவும் செத்த நேரம் மெதக்கும். அதனால தண்ணிக்குள்ள அமுக்கி விரலால நல்லா பிசைஞ்சு விடுங்க. பருத்தி தண்ணியக் குடிச்சு அடியில போயிடும், இலவம்பஞ்சு எத்தன தடவ அமுக்கினாலும் மேல வந்து நிக்கும். அந்த இழை உள்ள வெறும் குழாய், அஞ்சுல நாலு பங்கு காத்துதான், மேல மெழுகுப் பூச்சு வேற. தன் எடையைப் போல முப்பது மடங்கு எடையத் தண்ணிக்கு மேல தாங்கும், அதான் ஒரு காலத்துல கப்பல்ல போடுற உயிர்காப்பு சட்டைக்குள்ள எல்லாம் இதைத்தான் அடைச்சாங்க.

விதை கெடச்சா இன்னும் லேசு. பருத்தி இழை விதையிலயே முளைச்சு ஒட்டியிருக்கும், விதை மேல பொசுபொசுன்னு இருக்கும். இலவம் இழை காயோட உள் சுவத்துல வளர்றது, விதையில ஒட்டவே ஒட்டாது, அதனால விதை மொழுமொழுன்னு கறுப்பா மிளகு சைஸ்ல தனியா உருண்டு கெடக்கும். கிளறி விட்டா விதை தானா அடியில எறங்கிடும், அதுக்கு மெசின் கூட வேணாம்.

ரெண்டும் இல்லாம நைலான் மாதிரி கலப்பு பஞ்சான்னு சந்தேகம்னா வாசல்ல வச்சு ஒரே ஒரு துளி கொளுத்திப் பாக்கலாம், செயற்கைன்னா உருகி கெட்டி உருண்டையாயிடும். ஆனா மெத்தை பக்கத்துல வச்சு பண்ணிடாதீங்க, இலவம்பஞ்சு நெருப்பு பட்டா ஒரே நொடியில பத்திக்கும், கொசுவத்தி சுருள் கூட அதுக்கு ஆகாது.

பாத்துட்டு எழுதுங்க, அப்புறம் என்ன செய்யணும்னு சொல்றேன்.

லெப்படான் தம்பி:

ஐயா அருமையா சொன்னீங்க. எங்க ஊர் லெப்படான், அந்தப் பேருக்கே லெட்பான் மர வரிசைன்னுதான் அர்த்தம், ரங்கூன் பியே ரயில் லைன்ல இருக்குற ஊரு. ஆனா ஒரு விஷயம் சேத்துக்கறேன், பர்மாக்காரங்க லெட்பான்னு சொல்றதும் கடையில வர்ற ஜாவா இலவும் ஒரே மரம் இல்ல. லெட்பான் நம்ம ஊர் முள்ளிலவு, அடிமரமெல்லாம் கூம்பு கூம்பா முள்ளு, இலையெல்லாம் கொட்டுனதுக்கப்புறம் மரம் முழுக்க செக்கச் செவேல்னு பெரிய பூ. இலவு காத்த கிளின்னு சொல்றோமே அந்த இலவு இதுதான், காய் பழுக்கும்னு கிளி காத்துட்டு கெடந்துச்சாம், காய் வெடிச்சுப் பஞ்சாப் பறந்துடுச்சாம். ஜாவா இலவு அமெரிக்கா பக்கத்துலேர்ந்து வந்த மரம், பூ சின்னதா வெளுப்பா இருக்கும், கிளையெல்லாம் நேர நேரா கம்பு மாதிரி நீட்டிட்டு நிக்கும். பஞ்சு ரெண்டுலயும் கெடைக்கும், மெத்தைக்கு ரெண்டும் ஆகும், ஜாவா பஞ்சு இன்னும் கொஞ்சம் புசுபுசுன்னு எழும்பி நிக்கும்.

லெட்பான் மரத்துல எதையும் வீணாக்க மாட்டாங்க, கட்டை தீக்குச்சிக்குப் போகும், ஷான் பக்கம் அந்தப் பூவுக்குள்ள இருக்குற நரம்பைக் காய வச்சு கொழம்புல போடுவாங்க.

உயிர்காப்பு சட்டைன்னு ஐயா சொன்னதும் ஞாபகம் வருது, யுத்தத்துக்கு முன்னாடி உலகத்துக்கே இலவம்பஞ்சு போனது பெரும்பாலும் ஜாவாவுலேர்ந்துதான். 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு, அதே நாள்ல ஜாவாவுலயும் டச்சுக்காரன் சரணடைஞ்சான். பஞ்சு வரத்து நின்னு போனதும் அமெரிக்காவுல பள்ளிக்கூடப் புள்ளைங்கள விட்டு எருக்கஞ்செடி சாதியில ஒரு செடியோட காயப் பொறுக்கி மூட்டை மூட்டையா சேத்து, அந்தப் பஞ்சை அடைச்சுத்தான் சட்டை தைச்சாங்க. நம்ம தாத்தாமார் ரங்கூன்லேர்ந்து ஒரு ஜமக்காளத்தை மட்டும் சுருட்டிக்கிட்டு அரக்கான் மலைப்பாதையில நடந்த அதே வருஷம்.

மியாவடி ரப்பர்:

அக்கா, நான் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. பழசு மேல பாசம் இருக்கலாம், ஆனா வீட்டுல தும்மல் மூச்சிரைப்பு இருக்குற புள்ள இருந்தா அதுக்கு மட்டும் ரப்பர் மெத்தை பாருங்க. ஸ்பாஞ்ச் வேற, ரப்பர் வேற. கடையில சொல்ற ஸ்பாஞ்ச் பெட்ரோலியத்துலேர்ந்து வர்றது, நம்ம சூட்டுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் அமுங்கி நடுவுல குழி விழுந்துடும், அதுல படுத்தா முதுகு வேர்த்துக் கொட்டும். ரப்பர் மெத்தை மரத்துப் பாலை நுரையா அடிச்சு அச்சுல ஊத்தி வேக வைக்கிறது, டன்லப் கம்பெனியில 1929ல கண்டுபிடிச்ச முறை, இன்னிக்கும் கிட்டத்தட்ட அதேதான். முடோன் தன்பியூஸயாட் பக்கம் சுத்தியும் ரப்பர் தோட்டம், நம்ம சனங்க எத்தன பேரு அதுல பால் வெட்டியிருக்காங்க, ஆனா மெத்தையா வர்றது மட்டும் தாய்லாந்துலேர்ந்து. விலை ஜாஸ்திதான், ஆனா உழைக்கும். வாங்கும்போது அமுக்கிப் பாருங்க, கைய எடுத்ததும் ஒடனே எழும்பணும். வெயில்ல மட்டும் போட்றாதீங்க, ரப்பர் வெயில்ல வெடிச்சுப் பொடியா உதிரும், நிழல்ல காத்தாட வச்சா போதும்.

பெருமாள் கோயில் தெரு:

ரங்கூன்லேர்ந்து எழுதறேன். பாப்பா கேட்டதுக்கு பதில் சொல்றேன், அவகிட்ட படிச்சுக் காட்டுங்கம்மா.

குத்துவிளக்கெரியன்னு வர்ற பாசுரத்துல கோட்டுக்கால் கட்டில் மேல மெத்தென்ற பஞ்ச சயனம்னு ஆண்டாள் சொல்றா. கோடுன்னா யானைக் கொம்பு, தந்தத்துல கால் வச்ச கட்டில். பஞ்ச சயனத்துக்கு ரெண்டு விதமா பொருள் சொல்லுவாங்க. ஒண்ணு, நல்ல படுக்கைக்கு இருக்க வேண்டிய அஞ்சு குணம், அழகு, குளிர்ச்சி, மென்மை, வாசனை, வெண்மை. இன்னொண்ணு, அஞ்சு பொருள் அடைச்ச படுக்கை, இலவம்பஞ்சு, வெண்பஞ்சு, செம்பஞ்சு, மயிர், அன்னத்தோட தூவின்னு ஒரு கணக்கு, சிறுபூளையைச் சேத்து சொல்ற கணக்கும் உண்டு. சிறுபூளைன்னா வேற ஒண்ணும் இல்ல, ஊர்ல பொங்கலுக்குக் காப்பு கட்ட வேப்பிலையோட வைப்பாங்களே வெள்ளையா பொசுபொசுன்னு அந்தப் பூதான், தலகாணியில அடைக்கலாம். பாப்பாகிட்ட அஞ்சு மெத்தை இல்ல, அஞ்சு சேந்த ஒரே மெத்தைன்னு சொல்லுங்க.

இதுக்கும் முன்னாடி நெடுநல்வாடைங்குற சங்கப் பாட்டுல பாண்டிமாதேவியோட கட்டில் வருது, எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்ச இடம். நாப்பது வயசு நெறஞ்சு போர்க்களத்துல விழுந்த யானையோட தந்தம் எடுத்து கட்டில் செஞ்சு, ஜோடி சேந்த அன்னத்தோட வெள்ளைத் தூவியை அடைச்சு அணை போட்டு, அது மேல கஞ்சி போட்டு வெளுத்து மடிச்ச துணியை விரிச்சாங்களாம். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி படுக்கை விரிப்புக்கு கஞ்சி போட்டிருக்காங்கன்னு படிக்கும்போது எங்கம்மா சோத்துக் கஞ்சியில வேட்டியையும் போர்வையையும் முக்கிப் புழிஞ்சது அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்பேர்ப்பட்ட கட்டில்ல தூக்கம் வராம புருசன் பாசறையில இருக்கானேன்னு அவ கெடக்குறா, பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு.

அமளி, சேக்கை, அணை, பாயல், பள்ளின்னு படுக்கைக்கு நம்மகிட்ட அத்தன சொல்லு. ஆனா மெத்தையெல்லாம் அரமனையிலயும் வசதியான வீட்டுலயும்தான், சனங்களுக்குப் பாயிதான். கல்யாண சீர்ல மெத்தை தலகாணி வைக்கிறது இன்னும் நம்ம கிட்ட இருக்கு, அதனாலதான் உங்க அப்பத்தா மெத்தையில அந்தச் செவப்புத் துணி முடிச்செல்லாம், அது சீர் மெத்தையாத்தான் இருக்கணும்.

பந்தநோ பாய்:

பாயைப் பத்தி யாருமே பேசலையே, இந்த ஊர் சூட்டுக்கு அதுதான் ராஜா. எங்க அம்மா வழி சொந்தமெல்லாம் ஐராவதி டெல்டாவுல பந்தநோ, ஐநா சபையில பொதுச் செயலாளரா இருந்தாரே ஊ தாண்ட், அவரு பொறந்த ஊரு. அங்க தின்பியூ பாய் பேர் போனது. தின் செடி தண்ணி தேங்குற எடத்துல பச்சைக் குச்சி குச்சியா வளரும், அதை நீளவாக்குல கிழிச்சு உள்ள இருக்குற சோத்தை எல்லாம் சீவி எடுத்துட்டு வெளித்தோலை மட்டும் ஊறப் போட்டு பின்னுவாங்க. கையால தடவுனா கண்ணாடி மாதிரி, வேர்வை ஒட்டவே ஒட்டாது, மத்தியானம் ஃபேன் இல்லாம கூட படுக்கலாம். கரண்டு போற ராத்திரியில இதோட அருமை தெரியும். இதே செடியிலதான் பங்களாதேஷ்ல சில்ஹெட் பக்கம் சீதல் பாட்டின்னு பின்றாங்க, 2017ல யுனெஸ்கோ பட்டியல்ல கூட சேத்தாங்க.

ஊர்ல திருநெல்வேலி பத்தமடைப் பாய் கோரையில நெய்யிறது, பாவு நூலு, ஊடை கோரை, தறியில போட்டு நெய்யிறதால துணி மாதிரி மடிக்கலாம். தின்பியூ கையால பின்னுறது, மடிச்சா ஒடஞ்சுடும், சுருட்டி மட்டும் வைக்கணும். ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட்ல, இப்ப ஷ்வேபோன்தா ரோடு, செட்டியாருங்க வட்டித் தொழில் பண்ணுன கிட்டங்கியில பெரிய பெரிய மொதலாளி வீட்டு ஏஜெண்டே தரையில பாய் விரிச்சு பெட்டியடியில உக்காந்துதான் கணக்குப் பாத்தாரு, ராத்திரி அங்கயே படுக்கை. எங்க தாத்தா அங்க சமையக்காரரா இருந்தவரு, காலையில படுக்கையைச் சுருட்டி வச்சிட்டா கடை, விரிச்சா வீடுன்னு சொல்லுவாரு.

அக்கா, மெத்தையைச் சரி பண்ணினாலும் மேல ஒரு தின்பியூவை விரிச்சுக்குங்க, பஞ்சுப் பொடியும் வராது, சூடும் ஏறாது.

முடோன் மருமக:

ஐயா சொன்ன மாதிரி நேத்து சாயங்காலம் எல்லாரையும் உக்கார வச்சு பாத்தோம். மெத்தைப் பஞ்சு நல்லா திரியுது, தண்ணில பிசைஞ்சதும் கீழ போயிடுச்சு. தலகாணிப் பஞ்சு திரியவே இல்ல, எவ்வளவு அமுக்கியும் மெதக்குது, கறுப்பு விதையும் ரெண்டு மூணு கெடச்சுது. திண்டும் அதே பஞ்சுதான். ஆக மெத்தை பருத்தி, தலகாணி இலவம்பஞ்சு, மாமனார் சொன்னதும் சரி அத்தை சொன்னதும் சரி, வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே சந்தோஷம். பொண்ணு நெடுநல்வாடை கட்டிலைப் படமா வரையப் போறாளாம். இனிமே என்ன செய்யணும் ஐயா?

தாட்டோன் பஞ்சுக்கடை:

நல்லதும்மா. அந்தக் காலத்துல அப்படித்தான் தைப்பாங்க, உடம்பைத் தாங்குற மெத்தைக்கு கனமான பருத்தி, தலைக்கு லேசான இலவு.

மெத்தையில ஆரம்பிங்க. தையல் முடிச்செல்லாம் அறுத்து பஞ்சை வெளிய எடுத்து, கட்டியைக் கையால பிச்சு, ரெண்டு நாள் நல்ல வெயில்ல ஓலைப் பாய் மேல பரப்புங்க. அப்புறம் அடிக்கணும். பஞ்சு அடிக்கிற வில்லுன்னா ஆள் ஒசரத்துக்கு ஒரு கம்பு, ஒரு முனையில அகலமா பலகை, நரம்புக் கயிறு இழுத்துக் கட்டியிருக்கும், ரெண்டு பக்கமும் குண்டா நடுவுல பிடி இருக்குற மரக்கட்டையால அந்த நரம்பைச் சுண்டி விடுவாங்க. நரம்பு டொய்ங்குனு அதிரும்போது பஞ்சுக் கட்டிக்குள்ள பூந்து இழை இழையா பிரிச்சு மேல எறியும், அழுக்கும் பொடியும் கீழ உதிரும். இப்ப வில்லுக்காரங்க ரொம்பக் கொறஞ்சு போச்சு, மெசின்ல அடிக்கிறவங்க இருந்தா அதுவும் போதும். அடிக்கும்போது கொஞ்சம் பஞ்சு கழிஞ்சு போகும், அதுக்கு ஈடா புதுப் பருத்தி சேத்துக்குங்க. உறையில சமமா பரப்பி, மூலையை மொதல்ல கெட்டியா அடைச்சு, கோணி ஊசியால ஒரு சாண் இடைவெளியில மேலயும் கீழயும் குத்தி இழுத்து முடிச்சு போடுங்க. அந்த முடிச்சுத் துணி அலங்காரத்துக்கு மட்டும் இல்ல, நூலு உறையை அறுக்காம இருக்கத்தான். பழைய செவப்புத் துணி நைஞ்சு போகாம இருந்தா அதையே திரும்பப் போடலாம்.

தலகாணிக்கு வில்லு வேணவே வேணாம். இலவம் இழை மொறமொறன்னு ஒடையிற சாதி, வில்லுல அடிச்சா பொடியாயிடும். சன்னலைச் சாத்திட்டு, மூக்கு வாயில துணி கட்டிக்கிட்டு, பெரிய அட்டைப் பெட்டிக்குள்ள கொட்டி ஒரு குச்சியை உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மத்து கடையிற மாதிரி சுத்துங்க. நல்ல பஞ்சு மேல பொங்கி வரும், விதையும் பொடியும் அடியில தங்கிடும். மேல வந்ததை மட்டும் அள்ளுங்க, அடியில இருக்குறதைத் தூக்கிப் போடுங்க, உங்க பையனுக்குத் தும்மல் குடுத்தது அந்தப் பொடிதான். எங்க கணக்குக்கு பழைய தலகாணி நாலுல ரெண்டு தேறுனாலே லாபம். மியாவடி தம்பி சொன்னதையும் கேட்டுக்குங்க, தும்மல் நிக்குற வரைக்கும் சின்னவனை இந்தத் தலகாணியில படுக்க வைக்காதீங்க, பஞ்சு பிரிக்கும்போது வீட்டுலயே வேணாம், பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க.

உறைத் துணிதான் முக்கியம். இலவம்பஞ்சு மெல்லிசுத் துணியில சல்லடை மாதிரி வெளிய வந்துடும், நெருக்கமா நெய்த கெட்டித் துணி எடுங்க. ரங்கூன் போறவங்க யாரும் இருந்தா தெயின்ஜி ஸேல துணிக் கடை பக்கம் கேக்கச் சொல்லுங்க, நம்ம பெரியவங்க சூரத்தி பஜார்னு சொல்லுவாங்களே அதான். அடைக்கும்போது கல்லு மாதிரி தோணுற வரைக்கும் திணிங்க, ஒரு மாசத்துல தானா அமுங்கி சரியாயிடும்.

எல்லாத்தையும் இந்த வெயில் இருக்கும்போதே முடிச்சுடுங்க. மோல்மீன்ல வருஷத்துக்கு 4500 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுற ஊரு, வைகாசி பொறந்துட்டா பஞ்சைக் காய வைக்க வழியே இல்ல. மழைக்காலத்துல இடையில ரெண்டு நாள் வெயில் அடிச்சா தலகாணியைக் காய வச்சு, சூடு ஆறுனதுக்கப்புறம் உள்ள எடுங்க.

முடோன் மருமக:

ரொம்ப நன்றி ஐயா. புது இலவம்பஞ்சு கொஞ்சம் சேக்கணும்னா எங்க கெடைக்கும்? கடையில விக்கிறதுல கலப்பு இருக்குமோன்னு பயமா இருக்கு.

லெப்படான் தம்பி:

அக்கா, இப்பதான் காய் வெடிக்கிற சமயம். உங்க பக்கம் லெட்பான் மரம் இருக்குற எடத்துல ஆள் விட்டு வெடிக்காத காயா பழுப்பேறுனதா பாத்து பறிக்கச் சொல்லுங்க, வெடிச்சதுக்கப்புறம் பஞ்சு காத்தோட போயிடும், கீழ விழுந்தது ஈரம் பட்டு கறுத்துடும். காயை மூடுன கூடையில போட்டு வெயில்ல வச்சா தானா வெடிக்கும், அப்புறம் ஐயா சொன்ன மாதிரி குச்சியால கடைஞ்சு விதையைப் பிரிச்சுக்கலாம். கடையில வாங்குனீங்கன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி மூட்டையோட நடுவுலேர்ந்து ஒரு சிட்டிகை எடுத்து அந்தத் திரிக்கிற பரீட்சையைப் பண்ணிடுங்க, மேல நல்ல பஞ்சும் நடுவுல மில் கழிவும் வச்சு கட்டுறவங்க இருக்காங்க.